அடிமாட்டு விலை கேட்பவரை வாசலோடு திருப்பி அனுப்பலாமா?

இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் வீடு, மனை தரகு வேலையில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். வங்கிக் கடன் முற்றிப்போன வீடு ஒன்று இந்தக் கடற்கரையில் விற்பனைக்கு வந்தால், பெரும்பாலும் வீட்டுக்காரருக்கு வளைகுடாவில் வேலை போயிருக்கும், அல்லது விசைப்படகுக்காக வீட்டை அடமானம் வைத்தவருக்குத் தொழில் படுத்திருக்கும். இவற்றில் சில வீடுகளுக்கு, விற்றால் கிடைக்கும் விலையைவிடக் கடன் பாக்கி அதிகம். அமெரிக்காவில் இத்தகைய வீட்டை வங்கியின் ஒப்புதலோடு குறைத்து விற்பதற்கு ஷார்ட் சேல் என்று பெயர். 2008 நிதி நெருக்கடியை ஒட்டி அங்கே பெருகிய முறை அது. நம் ஊரில் தனிப்பெயர் எதுவும் இல்லை. ‘பேங்க் கடன்ல இருக்கிற வீடு’ என்று சொன்னால் போதும், கேட்பவர் குரல் உடனே இறங்கிவிடும், விலையும் கூடவே இறங்கிவிடும்.

அப்படி இறக்கிக் கேட்பவரை எப்படி நடத்த வேண்டும் என்பதை நான் ஒரு தவறு செய்துதான் தெரிந்துகொண்டேன். 2018இல் உச்சிப்புளிக்கு அருகில் ஐந்து செண்டில் கட்டிய ஒரு வீடு என்னிடம் வந்தது. உரிமையாளர் குவைத்தில் இருந்தார். வட்டியோடு பாக்கி 31 லட்சம். அவர் எதிர்பார்த்த விலை 28. முதலில் வந்தவர் 19 லட்சம் கேட்டார். ‘தேங்காய் வியாபாரமா பேசுறீங்க’ என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அந்தத் தொகையை உரிமையாளரிடம் சொல்லக்கூட இல்லை. அவர் மனம் நோகும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் 28இல் கமிஷன் அதிகம் என்ற கணக்கும் உள்ளே இருந்தது. வீடு பின்னர் ஏலத்துக்குப் போனது. இரண்டு முறை ஆள் வராமல், மூன்றாம் முறை 18 லட்சத்துக்குச் சற்றுக் கீழே முடிந்தது. ஊருக்கு வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “அண்ணே, அந்தப் பத்தொன்பதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” 19க்கு வங்கி ஒப்பியிருக்குமா என்பது வேறு விஷயம். கேட்டுப் பார்க்கும் வாய்ப்பையே நான் பறித்துவிட்டேன்.

சாதாரண விற்பனையில் விலை குறைவா, அதிகமா என்று தீர்மானிப்பவர் உரிமையாளர். இங்கே தீர்மானிப்பது வங்கி. உரிமையாளர் கையொப்பம் இடுபவர். தரகர் இருவரில் ஒருவரும் அல்லர். ஆகவே வருகிற ஒவ்வொரு விலைக் கேட்பையும், எவ்வளவு குறைவாக இருந்தாலும், தேதியோடு எழுதி உரிமையாளரிடம் சேர்ப்பது தரகரின் முதல் கடமை. வங்கி எந்த எண்ணைப் பார்க்கும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் பொதுவாகத் தம் அறிக்கையில் சந்தை மதிப்பு, விற்றால் கைக்கு வரக்கூடிய மதிப்பு, அவசரத்தில் விற்றால் கிடைக்கும் மதிப்பு என மூன்று தொகைகளை எழுதுவார். நமக்கு அடிமாட்டு விலையாகத் தோன்றுவது மூன்றாவது தொகைக்கு அருகில் இருந்தால், வங்கிக்கு அது பேசத்தக்க விலை.

காலமும் நம் பக்கம் இல்லை. தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்படி 60 நாள் அவகாசம் தரும் அறிவிப்பு வந்துவிட்டால், வங்கியின் எழுத்துப்பூர்வமான முன் ஒப்புதல் இல்லாமல் உரிமையாளர் அந்தச் சொத்தை விற்கவே முடியாது. இது தெரியாமல் அறிவிப்பு வந்த பிறகும் டோக்கன் அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்து, பிறகு காவல் நிலையம் வரை அலைந்த தரகர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு.

குறைத்துக் கேட்பவரிடம் சண்டை போடுவதைவிட, ஏன் குறைக்கிறீர்கள் என்று கேட்டு அதை எழுதி வாங்குவது மேல். இந்தக் கடற்கரையில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை: உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் கூரையில் காரை பெயர்ந்திருக்கும், போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும், அலைக்கோட்டுக்கு அருகில் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் புதுக் கட்டடத்தைத் தடுக்கும். ஒரு பொறியாளரின் பழுதுபார்ப்பு மதிப்பீடும் நான்கு படங்களும், அருகில் அண்மையில் பதிவான கிரயங்களின் விவரமும் சேர்ந்தால் அந்தக் கேட்பு வங்கியின் மேலதிகாரி மேசையில் நிற்கும். கிளை மேலாளருக்கு இதில் முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் இல்லாததால், கோப்பு மேலே போகிறது. அங்கே இருப்பவர் வீட்டைப் பார்த்ததில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறார்.

ஆனால் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது விலையைப் பற்றியது அன்று, மிச்சத்தைப் பற்றியது. 31 லட்சம் பாக்கியில் 22 வந்தால், மீதி 9 என்ன ஆகும்? கலிபோர்னியாவில் வங்கி ஒப்பிய வீட்டு ஷார்ட் சேலுக்குப் பிறகு மிச்சத்தைக் கேட்கக் கூடாது என்று 2011இலேயே சட்டம் செய்துவிட்டார்கள். நமக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. ஒரே தவணைத் தீர்வாக இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டு கணக்கை முடிக்கிறோம், மேற்கொண்டு பாக்கி கோர மாட்டோம் என்று வங்கி எழுத்தில் தராதவரை, குவைத்தில் இருப்பவர் வீட்டையும் இழந்து கடனையும் சுமப்பார். அந்தக் கடிதத்தோடு வரும் 22, கடிதம் இல்லாத 25ஐவிட நல்லது. தீர்வு என்று முடித்த கணக்கு கடன் வரலாற்றில் முழுமையாக அடைத்த கணக்குப் போலத் தெரியாது என்பதையும் தரகர் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வாங்குபவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பேசிய விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போனாலும் 7 சதவீத முத்திரைத்தீர்வையும் 2 சதவீதப் பதிவுக்கட்டணமும் அந்த மதிப்புக்கே கேட்கப்படும். 10 சதவீதத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் வருமான வரியிலும் கேள்வி வரலாம். இதை முதல் நாளே சொன்னால் சிலர் விலகிவிடுவார்கள். விலகட்டும்.

நான் முகத்துக்கு நேரே மறுத்துவிடும் கேட்பு ஒன்றே ஒன்று. பத்திரத்தில் குறைத்துப் போட்டுவிட்டு உரிமையாளரிடம் தனியாக மூன்று லட்சம் கையில் தருகிறேன் என்பவர், நட்டத்தை ஏற்கிற வங்கியை ஏமாற்றச் சொல்கிறார். தன் மைத்துனர் பெயரில் குறைத்துக் கேட்டுவிட்டு, கூடுதலாகக் கேட்டவரை வழியிலேயே திருப்பி அனுப்பும் தரகரும் அதே வேலையைத்தான் செய்கிறார். இந்தப் பக்கம் அதற்கு ‘சாமர்த்தியம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

போன சனிக்கிழமை தேவிபட்டினத்து வீடு ஒன்றுக்கு ஒருவர் 14 லட்சம் கேட்டார். எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. நோட்டில் எழுதி, பக்கத்தைப் படமெடுத்து, கத்தாரில் இருக்கும் உரிமையாளருக்கு அனுப்பினேன். இரவு பதில் வந்தது: “இருக்கட்டும் அண்ணே, பேங்க்குக்கும் ஒரு காப்பி கொடுத்துடுங்க.” திங்கட்கிழமை கொடுத்து, முத்திரை போட்ட ரசீது வாங்கிவந்தேன்.