செடிமென்ட் பேப்பர், ரெண்டாவது அட்டெம்ப்ட்

நேத்து செடிமென்ட் (ஏரி, ஹார்பர் அடில படியிற சேறு) பேப்பர் ரிசல்ட் வந்துச்சு, பாஸ் ஆயிட்டேன். மார்க்க வெளிய சொல்ற மாதிரி இல்ல, விடுங்க. போன தடவ ஏன் ஊத்திக்கிச்சுன்னு மட்டும் சொல்லிடறேன், அடுத்து எழுதுறவங்களுக்கு உதவும்.

கேஸ் ஸ்டடி ஹாமில்டன் ஹார்பர், ஒன்டாரியோ ஏரியோட மேற்கு மூலைல ஸ்டீல் மில் ஓரமா இருக்கே அதே விரிகுடாதான். ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராம்னு டேபிள்ல இருந்துச்சு. ஒன்டாரியோ கைட்லைன்ல கீழ் அளவு 31, தீவிர அளவு 250, ரெண்டுக்கும் நடுவுல வருது, அதனால சுமாரான பாதிப்புன்னு ரெண்டு பக்கம் அளந்துட்டு ஜாலியா வெளிய வந்துட்டேன். டேபிளுக்கு அடியில பொடி எழுத்துல "ஈர எடை, நீர் 70 சதவீதம்"னு இருந்திருக்கு. கைட்லைன் உலர் எடைக்குத்தானே. 90ஐ 0.3ஆல வகுத்தா 300, தீவிர அளவையே தாண்டிடுச்சு. ஷேல் சராசரி (ஷேல் பாறைல இயல்பா இருக்குற ஈயம்) 20 வச்சு ஐஜியோ (இயல்பு அளவ விட எவ்வளவு ஏறியிருக்குன்னு காட்டுற இண்டெக்ஸ்) போட்டாலும் ஈர எடைல வர்ற 1.58 இல்ல, 3.32. மொத்த ஆன்சரும் குப்பை.

கடுப்பு என்னன்னா லேப்ல இத நானே பண்ணிருக்கேன். பாச்சா உருண்டை வாசனை அடிக்கிற கருப்பு சேறு, ஃபாயில் கிண்ணத்துல 10 கிராம், 105 டிகிரி அவன்ல ராத்திரி பூரா. காலைல பாத்தா காஞ்ச கண்மாய் மாதிரி வெடிச்சு 3 கிராம்தான் மிச்சம். கண்ணால பாத்தும் பரீட்சைல தோணல பாருங்க.

சோ, மொதல்ல யூனிட். அப்புறம்தான் கேள்வியே படிங்க.

மத்தது சுருக்கமா:
- ஐஜியோல பேக்ரவுண்ட (இயல்பு அளவ) 1.5ஆல பெருக்க மறக்காதீங்க. கோர் டேட்டா (சேத்த ஆழமா குழாயால குத்தி எடுத்து லேயர் லேயரா அளந்தது) குடுத்திருந்தா ஷேல் சராசரிய விட்டுட்டு அடி லேயர பேக்ரவுண்டா எடுங்க.
- ஹாகன்சன் நம்பர் (எந்த உலோகம் எவ்வளவு விஷம்னு குடுக்குற வெயிட்): பாதரசம் 40, காட்மியம் 30, ஆர்சனிக் 10, ஈயம் காப்பர் நிக்கல் 5, குரோமியம் 2, ஜிங்க் 1. எனக்கு மனப்பாடம் வராது, ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சேன்.
- கெமிஸ்ட்ரி மட்டும் எழுதினா பாதி மார்க்தான். டாக்ஸிசிட்டி டெஸ்ட், அடிமட்டப் புழு பூச்சி கணக்கு, மூணும் சேந்தாதான் ட்ரையாட்ங்கற முழு மதிப்பீடு.
- ஏவிஎஸ் (ஆசிட் ஊத்துனா வெளிய வர்ற சல்ஃபைடு) அளக்குற சாம்பிள மட்டும் காய வச்சிடாதீங்க, காத்து பட்டாலே சல்ஃபைடு போயிடும். "காய வை, காய வை"ன்னே மண்டைல ஓடுனதுல இந்த தடவ இதுல மாட்டியிருப்பேன்.
- ராண்டில் ரீஃப் (அதே ஹார்பர்ல ரொம்ப மோசமா மாசுபட்ட இடம்) வந்தா "தோண்டி எடுத்துடலாம்"னு ஒரு வரில முடிக்காதீங்க. அங்க பிரச்சன கோல் தார்ல வர்ற பிஏஹெச்ங்கற விஷ கெமிக்கல்கள். ஸ்டீல் சுவர் அடிச்சு 6.2 ஹெக்டேருக்கு பெட்டி கட்டி, மோசமான சேற அது இருந்த இடத்துலயே அடைச்சு, சுத்தி இருந்தத தோண்டி உள்ள போட்டாங்க. ஏன் அப்படின்னு எழுதணும், கிளறுனா தண்ணில கலக்கும்ல.

க்ரூப் ஸ்டடி எனக்கு செட்டே ஆகல, மூணு நாளும் பிரியாணி எங்க ஆர்டர் பண்றதுன்னே போச்சு. தனியா பழைய கொஸ்டின் பேப்பர் போட்டதுதான் கை குடுத்துச்சு.

இந்த தடவ டேபிள் உலர் எடைலயே இருந்துச்சு, கூடவே நீர் சதவீதமும் சும்மா குடுத்திருந்தாங்க. நம்பாம நாலு தடவ சரி பாத்தேன், பத்து நிமிஷம் காலி, கடைசி மேப் கேள்விய பாதிலயே விட்டுட்டு எந்திரிச்சேன்.