முடிவில்லாத அயலவர்கள்

“சேர், இடமும் நேரமும் அணு மாதிரி துண்டு துண்டா இருக்க ஏலாதா?” ஹட்டனில் உயர்தர பௌதிகவியல் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி என்றால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

இருக்கலாம். துண்டின் அளவு பிளாங்க் நீளம் என்ற மிகமிகச் சிறிய அளவாக இருக்கும் என்று நினைக்கிறார்கள், சுமார் 1.6×10⁻³⁵ மீட்டர். அவற்றை எப்படி அடுக்குவது என்பதில்தான் வில்லங்கம். ஜன்னலுக்கு வெளியே வீ.பி. தேயிலையை (வெட்டுத்தண்டில் வளர்த்து நிரையாக நட்டது) காட்டினேன். ஒரு பக்கம் நின்றால் நிரை நிரையாகத் தெரியும், கொஞ்சம் தள்ளி நின்றால் நிரையே காணோம். ஒழுங்காக அடுக்கினால் ஏதோவொரு திசைக்கும் வேகத்துக்கும் தனிச் சலுகை வந்துவிடும். ஐன்ஸ்டீனின் சார்பியலுக்கு அது ஆகாது.

1987இல் பொம்பெல்லி, லீ, மேயர், சோர்கின் நால்வரும் முன்வைத்த காரணத் தொடைக் (causal set) கொள்கையில் இட-நேரப் புள்ளிகள் எழுமாற்றாகச் சிதறிக் கிடக்கின்றன. எது எதற்கு முந்தியது என்ற ஒழுங்கு மட்டும் உண்டு. சலுகைப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் விலை இருக்கிறது: சார்பியல் கணக்கில் ‘கிட்ட’ என்பது ஒளிக்கூம்பை (ஒரு புள்ளியிலிருந்து ஒளி போகும் பாதைகளை) ஒட்டி நீண்டுகொண்டே போவதால், ஒரு புள்ளிக்கு முடிவில்லாத அயலவர்கள்! அநேகர் வெகு தூரத்தில். அப்புறம் பௌதிகம் எப்படி நடக்கிறது? சமன்பாட்டில் கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வந்து தூரத்துப் பங்கெல்லாம் சராசரியில் வெட்டுப்பட்டுப் போகும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதே எழுமாற்றை வைத்து, அண்டத்தின் விரிவை வேகப்படுத்தும் அண்டவியல் மாறிலி பூச்சியமாக இராது, மிகச் சிறிதாக ஏறி இறங்கும் என்று சோர்கின் 1998க்கு முன்பே சொன்னார். அந்த வருட சூப்பர்நோவா (வெடிக்கும் விண்மீன்) அளவீடுகளோடு பருமன் ஏறத்தாழ ஒத்துப்போனது. தற்செயல் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.