மத்தேயு முதல்ல எழுதினது இல்லீங்க

பைபிளோட ரெண்டாம் பகுதியான புதிய ஏற்பாட்டைத் திறந்தா மத்தேயு சுவிசேஷம் (இயேசுவோட வாழ்க்கையைச் சொல்ற நாலு புத்தகத்துல ஒண்ணு) முதல்ல வர்றதால அதுதான் முதல்ல எழுதினதுன்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க. ஆனா அதுல இருக்கிறதுலயே பழசு, ஆரம்ப கால கிறிஸ்தவப் போதகர் பவுலோட கடிதங்கள்தான்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க, தெசலோனிக்கேயருக்கு (தெசலோனிக்கே ஊர் கிறிஸ்தவங்களுக்கு) எழுதின முதல் கடிதம் கிபி 50 வாக்குல, அப்போ நாலு சுவிசேஷத்துல ஒண்ணு கூட கிடையாது. அந்தக் கடிதத்தைப் படிச்சா ஒரு விஷயம் மனசை என்னவோ பண்ணும், இயேசு சீக்கிரம் திரும்பி வந்துடுவார்னு நம்பி உக்காந்திருக்காங்க, அதுக்குள்ள நம்ம ஆளுங்க சிலர் செத்துட்டாங்களே, அவங்க கதி என்னன்னு கவலை, அதுக்குத்தான் பவுல் ஆறுதல் சொல்றார். சித்தாந்தம் எல்லாம் அப்புறம், முதல்ல இழவு வீட்டுத் துக்கம்.

மாற்கு சுவிசேஷம் எழுதினது கிபி 70ஐ ஒட்டி, ரோமப் படை எருசலேம் கோயிலை இடிச்ச சமயம். சினாய், வத்திக்கான்னு சொல்ற பழைய பைபிள் கையெழுத்துப் பிரதிகள்ல (ரெண்டும் 4ஆம் நூற்றாண்டு) மாற்கு 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்துலயே முடிஞ்சிடுது, கல்லறைக்குப் போன பொம்பளைங்க பயந்து ஓடிட்டாங்க, யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல, அவ்ளோதான்! மிச்ச 12 வசனம் பின்னாடி சேர்த்ததுன்னு பலரும் சொல்றாங்க, எனக்கென்னவோ அந்த திடுக்குனு நிக்கிற முடிவுதான் பிடிச்சிருக்கு.

புதிய ஏற்பாட்டுல இப்ப இருக்கிற அதே 27 புத்தகமும் ஒரே பட்டியலா வந்தது 367ல, அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸ் எழுதின ஈஸ்டர் கடிதத்துல.