லிமிட்டரைக் கழற்றியபோது கேட்ட தவில்

தைப்பூசத்திற்கு மூன்று வாரங்கள் இருந்தபோது, கோலாலம்பூரின் செந்தூலைச் சேர்ந்த ஓர் உறுமி மேளக் குழுவின் முருகன் பாடலைப் பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் சிறிய அறையில் மிக்ஸிங் செய்து, அதாவது குரலையும் கருவிகளையும் ஒன்றாகக் கலந்து, முடித்தேன். முதல் நாளே, எல்லா ஒலிகளும் ஒன்றுசேரும் மாஸ்டர் பஸ்ஸில், ஒலி ஒரு வரம்பைத் தாண்டாமல் அழுத்திப் பிடிக்கும் லிமிட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன் வழியாகக் கேட்டே ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள் எல்லாவற்றையும் அமைத்திருந்தேன். குழுத் தலைவர் காரில் போட்டுக் கேட்டுவிட்டு, "இடி மாதிரி இருக்குண்ணே" என்றார். எனக்கும் நிறைவாகவே இருந்தது. ஆனால் வெளியீட்டுக்கு முன் பாடலின் ஒலியை இறுதியாகச் செம்மைப்படுத்தும் மாஸ்டரிங் வேலையைச் செய்பவர், லிமிட்டர் இல்லாத கோப்பை அனுப்பச் சொன்னார். அதைக் கழற்றிவிட்டுக் கேட்டபோதுதான் என் தவறு எனக்கே தெரிந்தது.

கூடு எனும் கடினமான விரலுறை மாட்டிய விரல்கள் தவிலின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் விழுந்த ஒவ்வொரு முறையும், அந்த அடி பாடகரின் குரலைத் தாண்டித் துள்ளியது. அதுவரை அந்த அடிகளின் உச்சங்களை லிமிட்டர் ஆறு டெசிபல் வரை சீவிக்கொண்டே இருந்ததால், தவிலை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டதை நான் உணரவில்லை. அதைவிட வருத்தம் தந்தது உறுமி. லிமிட்டர் ஒரு கருவியை மட்டும் பிடித்து அழுத்துவதில்லை. மொத்தக் கலவையையும் சேர்த்தே இறக்குகிறது. எனவே, லிமிட்டர் போட்ட கோப்பில், வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த நீண்ட முனகல், தவில் அடிக்கும்போதெல்லாம் அமுங்கி, மறுகணம் எழும்பி, வாசித்தவர் வாசிக்காத ஓர் ஏற்ற இறக்கத்தோடு பதிவாகியிருந்தது. அப்படி அமுங்கிய ஒலியை மாஸ்டரிங்கில் எவராலும் முழுமையாக மீட்டுத் தர முடியாது.

ஒலி உடையாமலிருக்க லிமிட்டர் வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும், மிகப் பெரிய எண்களையும் தாங்கும் 32 அல்லது 64 பிட் ஃப்ளோட் முறையில் கணக்கிடுவதால், உள்ளே வழக்கமான உச்ச வரம்பான 0 டெசிபலைத் தாண்டினாலும் ஒலி சிதைவதில்லை. வெளியே எடுக்கும்போது மாஸ்டர் ஃபேடரைக் குறைத்தால் போதும். 24 பிட் கோப்பில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான வீச்சு கோட்பாட்டளவில் ஏறத்தாழ 144 டெசிபல் என்பதால், மேலே ஆறு டெசிபல் இடம் விட்டு அனுப்புவதில் எந்த இழப்பும் இல்லை.

லிமிட்டருக்குள்ளேயே மிக்ஸிங் செய்து அருமையான பாடல்களைத் தருபவர்களும் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு டெசிபலுக்கு மேல் அதை வேலை செய்யவிடாத கட்டுப்பாடு அவர்களுக்கு இருக்கிறது. பஸ்ஸில் போடும், உரத்த ஒலிகளை லிமிட்டரை விட மென்மையாக இறக்கும் கம்ப்ரெஸ்ஸரின் கதை வேறு: பாடலின் அசைவே அதைச் சார்ந்து அமைந்திருந்தால், அதைக் கழற்றக் கூடாது என்றே நான் கருதுகிறேன்.

இரண்டு இரவுகள் உட்கார்ந்து அந்தப் பாடலைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் கலந்தேன். குரலும் தவிலும் லிமிட்டர் இல்லாமலே இணங்கி நின்ற பிறகுதான் அதைப் போட்டுப் பார்த்தேன். சற்றுக் கூடுதலான ஒலி எதுவாயினும் காதுக்கு மேலானதாகத் தோன்றும் என்பதால், போடுவதற்கு முன்னும் பின்னும் ஒலியளவைச் சமப்படுத்திக்கொண்டே ஒப்பிட்டேன். மாஸ்டரிங்கிற்கு இரண்டு கோப்புகள் போயின: வேலை செய்வதற்கு லிமிட்டர் இல்லாதது ஒன்று, குழுவினர் கேட்டுப் பழகிய ஒலி எது என்று அவர் அறிவதற்காக லிமிட்டர் போட்டது ஒன்று. திரும்பி வந்த பாடல் என் முதல் மிக்ஸை விடச் சற்று மெல்லியதாகத்தான் இருந்தது. ஆனால் உறுமியின் முனகல், தவிலடிகளுக்கு நடுவே எங்கும் அறுபடாமல் ஒரே இழையாக ஓடியது.