நாட்டு முட்டைக்கு எவ்வளவு தருவீர்கள் என்று வாயால் கேட்டால் போதாது

எங்கள் பக்கத்தில் விவசாயிகளே சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று புதிதாகக் கடை போடப் போகிறது என்றால் முதலில் ஒரு படிவம் சுற்றுக்கு வரும். உள்ளூரில் விளைந்த பொருளுக்கு எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள், 10 சதவீதமா, 20ஆ, 30ஆ, அதற்கும் மேலா என்று நாலு கட்டம் போட்டிருப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி நிரப்பி வாங்கி வருவார்கள். ஒரு குழுவுக்கு நான் விற்பனைக் கணக்கு பார்ப்பதால் இந்தப் படிவங்கள் என் மேசைக்கும் வரும். வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்கிற பிள்ளையிடம் "விவசாயிக்கு ஒரு ரூபாய்கூட அதிகமாகத் தரமாட்டேன்" என்று எந்த வீட்டிலும் சொல்லமாட்டார்கள். 20க்கோ 30க்கோ டிக் அடித்துக் கொடுப்பார்கள். அது பொய் இல்லை, அந்த நேரத்து மனசு அது. ஆனால் அந்த டிக்கை நம்பி ஒருவர் இரண்டு ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பா நட்டு, ஆள் உயரம் வளர்ந்து காற்றில் சாய்ந்ததை ஆள் விட்டு அறுத்து, அரைத்து மூட்டை போட்ட பிறகு வாங்க ஆள் வரவில்லை என்றால், வண்டு விழுவதற்குள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். இதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பது எனக்கு வெறும் ஆராய்ச்சி விஷயமாகத் தெரியவில்லை.

சொல்வதற்கும் கொடுப்பதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைப் பொருளாதாரக்காரர்கள் பல ஆண்டுகளாக அளந்து பார்த்திருக்கிறார்கள். 28 ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2005இல் வந்தது. வாயால் சொன்ன தொகை, உண்மையில் கொடுத்த தொகையைப் போல நடுவாக 1.35 மடங்கு என்று கண்டார்கள். இது முடிவுகளை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்தான், சில ஆய்வுகளில் வித்தியாசம் இதைவிட எவ்வளவோ பெரிது. அப்படியானால் எல்லாப் படிவத்தையும் 1.35ஆல் வகுத்துவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். முடியாது, ஏனென்றால் எந்தப் பொருள், எந்த ஊர், யாரிடம் கேட்டோம் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறிக்கொண்டே இருக்கும்.

யாரிடம் கேட்கிறோம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் செய்த ஸ்ட்ராபெர்ரி ஆய்வு. 2008இல் வெளிவந்தது. சுமார் 3 டாலர் விலையுள்ள ஒரு பெட்டி ஸ்ட்ராபெர்ரி, அது உள்ளூரில் விளைந்ததாக இருந்தால் எவ்வளவு கூடத் தருவீர்கள் என்பதுதான் அதன் மையக் கேள்வி. மளிகைக் கடையில் நின்றவர்கள் 48 சென்ட் என்ற கணக்கு வந்தது, பண்ணைச் சந்தைக்கு வந்தவர்கள் 92 சென்ட். கிட்டத்தட்ட இரட்டிப்பு. நம் ஊரில் இயற்கைச் சந்தைக்கு வருகிறவர்களிடம் மட்டும் படிவம் கொடுத்துவிட்டு ஊரே தயாராக இருக்கிறது என்று திட்ட அறிக்கை எழுதுகிறார்களே, அவர்கள் இந்த ஒரு எண்ணையாவது பார்க்கவேண்டும். அந்த ஆய்வில் இன்னொரு நல்ல காரியமும் செய்திருந்தார்கள். புதிதாகப் பறித்தது என்பதற்கு ஒரு மதிப்பு, சின்னக் குடும்பப் பண்ணை என்பதற்கு ஒரு மதிப்பு, உள்ளூர் என்பதற்கு ஒரு மதிப்பு என்று தனித்தனியாகப் பிரித்தார்கள். அப்படிப் பிரித்த பிறகும் உள்ளூர் என்பதற்குத் தனி மதிப்பு மிஞ்சியது. ஆனால் அங்கேயும் அட்டையைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டதுதான், யாரும் பர்ஸைத் திறக்கவில்லை.

பர்ஸைத் திறக்க வைத்து அளக்கவும் ஒரு வழி இருக்கிறது. பெக்கர், டிகுரூட், மார்ஷாக் என்ற மூன்று பேர் 1964இல் எழுதிய முறை. எங்கள் கடையில் அதை முட்டையை வைத்துச் செய்து பார்த்தோம். வருகிற ஒவ்வொருவருக்கும் 6 பண்ணை முட்டை இலவசம். அதைக் கொடுத்துவிட்டு 6 நாட்டு முட்டையாக மாற்றிக்கொள்ள அதிகபட்சம் எவ்வளவு பணம் போடுவீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதச் சொல்வோம். பிறகு அவரே ஒரு துணிப்பைக்குள் கைவிட்டு விலைச் சீட்டு ஒன்றை எடுப்பார். எடுத்த விலை அவர் எழுதியதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால், எடுத்த விலைக்கே மாற்றிக்கொள்ளலாம், பணம் அங்கேயே எண்ணி வைக்கவேண்டும். கூடுதலாக இருந்தால் பண்ணை முட்டையோடு வீட்டுக்குப் போகலாம். சூட்சுமம் என்னவென்றால், கொடுக்கப்போகும் விலையைத் தீர்மானிப்பது பைதான், அவர் எழுதிய எண் இல்லை. குறைத்து எழுதினால் சல்லிசாகக் கிடைத்திருக்கவேண்டியது கைவிட்டுப் போகும், கூட்டி எழுதினால் மனசில்லாத விலைக்கு வாங்க நேரும். அதனால் மனதில் இருப்பதை அப்படியே எழுதுவதுதான் லாபம்.

இதை நம் ஆட்களிடம் புரிய வைப்பது லேசான காரியம் இல்லை. கணக்கு தெரியாததால் அல்ல, பேரம் ரத்தத்தில் இருப்பதால். ஒரு பெரியவர் சீட்டில் 5 ரூபாய் என்று எழுதிவிட்டு, "முதல்லயே நெச விலையச் சொல்லிட்டா அப்புறம் நீங்க எப்படிங்க குறைப்பீங்க?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, சந்தையில் அவர் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் காசைக் காப்பாற்றியிருக்கிறார். அவருக்குக் கடலை மிட்டாயை வைத்து அதே ஆட்டத்தை ஒத்திகை காட்டினோம். குறைத்து எழுதி மிட்டாயைக் கோட்டைவிட்டதும் சட்டென்று பிடித்துக்கொண்டார், முட்டைக்கு 30 எழுதினார். படிவத்தில் முட்டைக்குப் பத்து ரூபாய் கூடத் தருவேன் என்று தாராளமாகச் சொன்ன ஒரு அம்மா, இங்கே 6 முட்டைக்கும் சேர்த்து 25தான் எழுதினார். எழுதும் முன் பர்ஸைத் திறந்து உள்ளே பார்த்தார். அந்த ஒரு பார்வை எந்தப் படிவத்திலும் நடக்காது.

சரி, கூடுதலாகக் கொடுக்கிற அந்தக் காசு எதற்காக? இதைத்தான் பெரும்பாலான படிவங்கள் கேட்பதே இல்லை. நாமக்கல் மாவட்டத்தில் இருப்பவருக்கு உண்மையான உள்ளூர் முட்டை பண்ணையில் வரும் வெள்ளை முட்டைதான். தூரத்துக்காகத்தான் காசு என்றால் அவர் அதற்கல்லவா கூடக் கொடுக்கவேண்டும்? அவரும் நாட்டு முட்டைக்குத்தான் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கிறார், அது எந்த ஊரிலிருந்து வந்தாலும். கோழியின் இனம், அது மண்ணைக் கிளறித் திரிந்தது, பாட்டி வீட்டு ருசி, குழந்தைக்கு நல்லது என்ற நம்பிக்கை எல்லாம் சேர்ந்த விலை அது. கொல்லைப்புறத்து நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60, 80 முட்டைதான் இடும், பண்ணைக்கோழி 300ஐத் தாண்டும், ஆகவே கூடுதல் விலை இல்லாமல் அதை யாரும் வளர்க்கவும் முடியாது. அந்த நம்பிக்கைக்கு இவ்வளவு விலை இருப்பதால்தான் வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் முக்கி நாட்டு முட்டை என்று விற்றுப் பிடிபடுகிறார்கள். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, சத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒவ்வொரு முறை இப்படி ஒரு செய்தி வரும்போதும் எங்களிடம் வாங்குபவர்கள் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். யாரோ செய்கிற திருட்டுக்கு நேர்மையாக வளர்க்கிற பெண்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, இது எனக்கு ஆத்திரமாக வரும்.

தக்காளியில் வேறு குழப்பம். கோயம்பேட்டுக்கு ஆந்திராவின் மதனப்பள்ளியிலிருந்தும் தக்காளி வருகிறது, சென்னைக்கு அது நம் திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரத்தைவிட வெகு பக்கம். சென்னைக்காரருக்கு எது உள்ளூர்? கிலோமீட்டர் ஒன்று சொல்லும், மாநில எல்லை இன்னொன்று சொல்லும். கேள்வியில் இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தன் மனதில் இருக்கும் உள்ளூருக்கு விலை சொல்வார்கள், நாம் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுப்போம்.

எந்த நாளில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசு சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கொடுத்த வாரத்தில் போய் உள்ளூர்த் தக்காளிக்கு 20 சதவீதம் கூடத் தருவீர்களா என்று கேட்டால் அடிக்காமல் விட்டாலே பெரிது. அதே ஆள் கிலோ 15 ரூபாய்க்கு விற்கும்போது 3 ரூபாயை யோசிக்காமல் கொடுப்பார். சதவீதமாகக் கேட்காமல் ரூபாயாகக் கேளுங்கள், அன்றைய சந்தை விலையை மேலே எழுதிவிட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று, வெளிநாட்டுப் படிவத்தை அப்படியே எடுத்துவந்தால் நம் ஊருக்குப் பொருந்தாததற்குப் பெரிய காரணம் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் சந்தை திறந்ததிலிருந்து, விவசாயியிடம் நேரே வாங்கினால் மலிவு என்பதுதான் நமக்குப் பழக்கம். காலையில் பலகையில் எழுதும் விலை மொத்த விலைக்கு மேலேயும் வெளிக்கடை விலைக்குக் கீழேயும் இருக்கும், கடை வாடகை கிடையாது, இடைத்தரகு கிடையாது. இருபது வருஷத்துக்கு மேலாக இப்படி வாங்கிய குடும்பத்திடம் போய், விவசாயியிடம் நேரே வாங்குவதால் கூடக் கொடுங்கள் என்றால் ஏன் என்று கேட்கத்தான் செய்வார்கள். அந்தச் சந்தையால் எத்தனையோ குடும்பங்கள் தரகில்லாமல் பிழைத்தன, அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் கூடுதல் விலை கேட்பவர்கள் வேறு காரணத்தைக் காட்டவேண்டும். ரகம், ருசி, நேற்று மாலை பறித்தது, யார் தோட்டம் என்ற பெயர், இப்படி ஏதாவது.

சின்னக் குழுக்கள் பைக்குள் கைவிடும் ஆட்டமெல்லாம் அடிக்கடி நடத்த முடியாது, முட்டைச் செலவே கட்டாது. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு கூடை பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள், ஒன்றில் சந்தைக் கத்தரிக்காய், ஒன்றில் உங்கள் கத்தரிக்காய், தோட்டத்தின் பெயரோடு. வித்தியாசத்தை ஒரு வாரம் 4 ரூபாய், அடுத்த வாரம் 8, அப்புறம் 12, மறுபடி 4 என்று மாற்றுங்கள். ஏறுவரிசையிலேயே போகாதீர்கள், வாடிக்கையாளர் விலை ஏறுகிறது என்று நினைத்துவிடுவார். சாயங்காலம் மிச்சத்தை எடைபோட்டு, அன்றைய சந்தை விலையோடு நோட்டில் எழுதுங்கள். சம்பளத் தேதியை ஒட்டிய வாரத்தையும் மாதக் கடைசியையும் சேர்த்தே பாருங்கள், இரண்டும் வேறு வேறு ஊர் மாதிரி இருக்கும். ஆடிப் பட்டத்துக்கு எவ்வளவு நிலம் ஒதுக்குவது என்று உறுப்பினர்கள் கேட்கும்போது அந்த நோட்டைக் கொண்டுபோங்கள். அப்படி விலை மாற்றி விற்ற கணக்கு உங்கள் குழுவில் ஏற்கெனவே இருந்தால் எனக்கு அனுப்புங்கள், குறிப்பாக அரிசி விற்றவர்கள்.