காரைக்குடிப் பக்கத்தில் மகப்பேறு ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு

எம்.எஸ். மகப்பேறு மருத்துவத்தில் சேர்ந்ததும் பி.ஜி.க்கள் (முதுநிலை மாணவர்கள்) எல்லாரும் கேட்பது, "தீசிஸுக்கு (ஆய்வேட்டுக்கு) என்ன தலைப்பு எடுக்கலாம்?" என்பதுதான். தலைப்பைத் தேடி அலைய வேண்டாம். ஓ.பி.யில் தினமும் உங்களை உறுத்துவது எதுவோ, அதை எழுதி வையுங்கள். அதிலிருந்தே தலைப்பு கிடைத்துவிடும்.

சர்க்கரை நோய் மருத்துவர் வி. சேஷையாவை நான் எப்போதும் உதாரணமாகச் சொல்வேன். காலையில் பஸ் பிடித்து வரும் கர்ப்பிணியை வெறும் வயிற்றில் வரச் சொல்வதும், இன்னொரு நாள் திரும்ப வரச் சொல்வதும் கஷ்டம். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ஒரே முறை ரத்தம் எடுத்து, 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கொள்ளலாம் என்ற முறையை அவர் ஆய்வு செய்து முன்வைத்தார். மத்திய அரசின் வழிகாட்டுதலிலும் அந்த முறை இடம்பெற்றது. ஓ.பி. வரிசையில் நிற்கும் பெண்ணின் சிரமத்தைப் பார்த்து எழுந்த கேள்வி அது.

என் ஆய்வுக் கேள்வியும் அதை ஒட்டியதுதான். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்கள் பிரசவம் முடிந்து 6 வாரத்தில் மறுபடி குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். யார் வருகிறார்கள், வராதவர்கள் ஏன் வரவில்லை?

செட்டிநாட்டில் இதைக் கேட்டால் உடனே ஒரு சிக்கல் எழும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது இங்கே வழக்கம். சென்னையிலோ சிங்கப்பூரிலோ வாழ்க்கைப்பட்ட பெண் ஏழாம் மாதத்துக்குப் பிறகு பள்ளத்தூருக்கோ தேவகோட்டைக்கோ வந்து சேர்வாள். முதல் மூன்று மாத ரிப்போர்ட் எங்கோ இருக்கும், பிரசவம் இங்கே நடக்கும், கொஞ்ச நாளில் குழந்தையோடு புகுந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். புரோட்டோகால் (ஆய்வுத் திட்டம்) எழுதும்போதே இதை நினைத்துப் பார்க்காவிட்டால் பாதி ஆய்வில் ஆட்கள் காணாமல் போவார்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தமிழ்நாடு அரசு தரும் பிக்மி எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் எங்கே பார்த்தார்கள் என்று தேட அது உதவும்.

மாதிரி அளவை, அதாவது ஆய்வில் எத்தனை பேர் வேண்டும் என்பதைக் கணக்கிடும்போதும் இதைச் சேர்க்க வேண்டும். ஒரு விஷயம் 15 சதவீதம் பேரிடம் இருக்கும் என்று எதிர்பார்த்து, 5 சதவீதம் முன்பின் வரலாம் என்று வைத்தால், 4 x 15 x 85-ஐ 25-ஆல் வகுக்க 204 வரும். பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஐந்தில் ஒருவர் திரும்ப வரமாட்டார் என்றால் 255 பேரைச் சேர்த்தால்தான் கடைசியில் 204 பேர் மிஞ்சுவார்கள்.

அப்புறம், வராதவர்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். கணக்கு முடித்து ஐந்தொகை எழுதும் வீடுகளில் வராத கடனுக்கும் ஒரு வரி இருக்கும்; உங்கள் அட்டவணையிலும் வராத தாய்க்கு அப்படி ஒரு வரி வேண்டும். வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் வயது, எத்தனையாவது பிரசவம், இன்சுலின் போட்டார்களா என்பதில் என்ன வித்தியாசம் என்று பார்த்தால்தான் முடிவை நம்ப முடியும்.

அவர்களை வரவைக்க நான் கண்ட நல்ல வழி குழந்தையின் தடுப்பூசி. பென்டாவேலன்ட் முதல் டோஸ் 6 வாரத்தில்தான். தாயின் பரிசோதனையும் அப்போதுதான். தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள் புதன்கிழமை, அன்றைக்கே இரண்டையும் வைத்துவிடலாம். டிஸ்சார்ஜின்போது கணவர் எண்ணோடு பெண்ணின் அம்மா எண்ணையும் வாங்குங்கள். "ஆச்சி, ஊசி போட வர்ற அன்னைக்கு மகளுக்கும் ஒரு குளுக்கோஸ் டெஸ்ட் பாக்கணும்" என்று சொன்னால், "தேதிய எழுதிக் குடுங்க டாக்டர், நானே கூட்டிக்கிட்டு வந்துர்றேன்" என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் கூட்டியும் வந்தார்கள். கர்ப்பகாலத்தில் செய்ததைப் போல அல்லாமல், பிரசவத்துக்குப் பிறகு செய்யும் இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டும். அதனால் காலையில் முதல் ஆளாக அந்தத் தாயைப் பாருங்கள். பால் கொடுக்கிறவரை மதியம்வரை பட்டினி போடக் கூடாது.

நெறிமுறைக் குழு அனுமதி கைக்கு வரும்வரை ஒரு கேஸ் ஷீட்டைக்கூட ஆய்வுக்காகத் தொடாதீர்கள். ஒப்புதல் படிவம் பேச்சுத் தமிழுக்கு நெருக்கமாக இருக்கட்டும். கைநாட்டு வைப்பவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். மருந்து, சிகிச்சை எதையாவது ஒப்பிட்டுச் சோதிப்பதாக இருந்தால் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. என்னும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்யுங்கள். தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே ஆய்வேடு போய்ச் சேர வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். மூன்று வருடம் என்பது கேட்கத்தான் நீளம்.

தாய்மார்களைப் பிரசவத்துக்குப் பின் தொடர்ந்து பார்க்க முடியாத சூழல் என்றால் ராப்சன் வகைப்பாட்டை எடுங்கள். பிரசவ ரிஜிஸ்டரை வைத்தே எல்லாப் பெண்களையும் 10 குழுக்களாகப் பிரித்து, சிசேரியன் எந்தக் குழுவில் கூடுகிறது என்று காட்டலாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சிசேரியன் விகிதம் 44.9 சதவீதம். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் கணக்கைப் பார்த்தே ஆக வேண்டிய எண் இது.

தீசிஸ் முடிந்ததும் ஆராய்ச்சியை விட்டுவிடாதவர்கள் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்வது நல்லது. யாழ்ப்பாணத்தில் பிறந்த சபாரத்தினம் அருள்குமரன் பிரசவ நேரத்தில் குழந்தையின் இதயத்துடிப்பைக் கண்காணிப்பது பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தார். 2012 முதல் 2015 வரை உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்தார்.

என் ஆய்வு 6 வாரத்தோடு நின்றுவிட்டது. ஆனால் இந்தத் தாய்மார்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம், தொடர்ந்து பரிசோதிக்க வேண்டியவர்கள். சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் திரும்பியவர்கள் அங்கே பரிசோதித்துக்கொள்கிறார்களா என்று யாராவது கேட்க வேண்டும். அடுத்து சேரும் பி.ஜி. இதை எடுப்பதென்றால், முதல் நாளிலேயே ஒப்புதல் படிவத்தில் "பின்னாளில் தொடர்புகொள்ளலாமா?" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.