அறுநூறா, தொள்ளாயிரமா?

பனியில் ஓட்டும் எங்கள் பழைய ஸ்னோமொபைலை விற்றுவிட்டு அடுத்ததைத் தேட ஆரம்பித்தபோது பட்டியல் நீளமாக இருந்தது. குறைத்துக்கொண்டே வந்ததில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. இரண்டும் ஸ்கீ-டூ என்ற பெயரில் வருபவை. இரண்டும் சில குளிர்காலங்கள் ஓடியவை. அடிச்சட்டம் ஒன்றுதான், விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்று 600ஆர் ஈ-டெக் எஞ்சின் பூட்டிய எம்.எக்ஸ்.இசட். மற்றது 900 ஏஸ் எஞ்சின் பூட்டிய ரெனிகேட். 600 டூ-ஸ்ட்ரோக், பெட்ரோலோடு எண்ணெயையும் சேர்த்து எரிப்பது; 900 கார் எஞ்சின் போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக். டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா என்பதுதான் கேள்வி. பனிக்காலத்தில் இங்கே நாலு பேர் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் காபி குடிக்க உட்கார்ந்தால் இந்த விவாதம் தானாகவே கிளம்பிவிடும்.

நானும் மனைவியும் இருப்பது ஒன்டாரியோவின் ஹாலிபர்ட்டன் பகுதியில். டொரண்டோவுக்கு வடகிழக்கே சுமார் 200 கிலோமீட்டர். ஏரிகள், பாறைகள், மேப்பிள் காடு. பனி நன்றாக விழுந்து இறுகிவிட்டால் சனவரியிலிருந்து மார்ச் முதல் பாதி வரை ஸ்னோமொபைல் ஓட்டலாம். முன்னால் ஸ்கீ எனும் சறுக்குப் பலகைகள் இரண்டு, பின்னால் சக்கரத்துக்குப் பதில் நீண்ட ரப்பர் பட்டை, இதுதான் வண்டி. ஆழமான பனியில் மலையேறுவதற்கென்று தனி வகைகள் உண்டு. நான் பேசுவது தடத்தில் ஓடும் வண்டியைப் பற்றி மட்டுமே.

தடம் என்றால் என்ன என்று சொல்லாமல் மேலே போக முடியாது, ஏனென்றால் என் முடிவு அதில்தான் தொங்குகிறது. ஒன்டாரியோவில் ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் ஸ்னோமொபைல் தடங்கள் இருக்கின்றன. ஊர் ஊராக இருக்கும் சங்கங்களின் தன்னார்வலர்கள் இலையுதிர்காலத்திலேயே விழுந்த மரங்களை அறுத்து, பாலங்களைச் சரிபார்த்து, அடையாளப் பலகைகளை நட்டுவைக்கிறார்கள். பனி வந்ததும் பெரிய இயந்திரங்கள் இரவில் தடத்தைச் சமன் செய்துகொண்டே போகும். நாம் கட்டும் அனுமதிச்சீட்டுப் பணம் அதற்குத்தான். தடத்தில் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். இதில் பெரும்பகுதி தனியார் நிலத்தின் ஊடாகப் போகிறது. பண்ணைக்காரரோ வீட்டுக்காரரோ மனமுவந்து வழிவிட்டதால்தான் அங்கே தடம் இருக்கிறது. அவர் நாளை முடியாது என்றால் அந்த இடத்தில் தடம் அறுந்துவிடும்.

கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது குதிரைத்திறன். 600ஆர் ஈ-டெக் சுமார் 125 குதிரைத்திறன், 900 ஏஸ் சுமார் 95. எண்ணைப் பார்த்த உடனேயே பலருக்கு மனம் முடிவெடுத்துவிடுகிறது. என் மைத்துனனும் தொலைபேசியில் அதையே கேட்டான்: "அத்தான், 95-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?" வரம்பு 50 என்றிருக்கும் தடத்தில், வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்துக்கொண்டு போகும் பாதையில், 95 தாராளம் என்பது என் கருத்து. உறைந்த ஏரியில் யார் முன்னால் போவது என்று பந்தயம் கட்டுகிறவர்களுக்கு வேறு கணக்கு.

இந்த வண்டியின் தொடக்கத்தை நினைத்தால் வேகத்தைப் பற்றிய பேச்சு எனக்கு இன்னும் சிறியதாகப் படுகிறது. கியூபெக்கின் வால்கூர் ஊரில் ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே என்ற மெக்கானிக் பனியில் ஓடும் வண்டிக்காக வருடக்கணக்கில் மெனக்கெட்டுக்கொண்டிருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. சாலைகள் பனியில் மூடிக் கிடந்தன, மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க வழியில்லை, குழந்தை இறந்துவிட்டது. 1937-இல் அவர் தம் பட்டை அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் செய்தவை பலர் உட்காரும் பெரிய வண்டிகள். ஒருவர் ஓட்டும் ஸ்கீ-டூ 1959-இல் வந்தது. இன்றும் ஸ்கீ-டூ வால்கூரில்தான் தயாராகிறது. அதில் பூட்டும் ரோட்டாக்ஸ் எஞ்சின் ஆஸ்திரியாவிலிருந்து வருகிறது.

மற்ற நிறுவனங்களை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். யமஹாவின் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்களின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் 2025 மாடலோடு அவர்கள் இங்கே ஸ்னோமொபைல் தொழிலை விட்டுவிட்டார்கள். போலாரிஸ் நல்ல வண்டி. எனக்குப் பக்கத்தில் உதிரி பாகத்தோடு இருக்கும் கடை ஸ்கீ-டூ கடை, அவ்வளவுதான்.

முதலில் 600-ஐ ஓட்டிப் பார்த்தேன். விற்பவரின் வீட்டுக்குப் பின்னாலேயே தடம் தொடங்குகிறது. நாளின் முதல் முறை கயிற்றை இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். அதன் பிறகு சிறிது நேரம் நிறுத்தினாலும் பொத்தானை அழுத்தினால் போதும். பாட்டரி இல்லாமல் மின்தேக்கியில் சேர்த்துவைக்கும் ஏற்பாடு அது, எடை மிச்சம். பின்னால் எடுக்கும் விதம் இன்னும் அழகு: பொத்தானை அழுத்தினால் எஞ்சின் அணைவது போல் தணிந்து, மறுகணம் எதிர்த்திசையில் சுழலத் தொடங்குகிறது. பின்னோக்கிப் போவதற்கென்று தனி கியர் கிடையாது.

தடத்தில் இறங்கியதும் இதன் லேசு தெரிந்தது. ஊசியிலை மரங்களுக்கு நடுவே வலம் இடமாகப் பின்னிப் போகும் ஒரு பகுதி இருந்தது. உடம்பை உள்பக்கம் சாய்த்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் முன்பகுதி பனியில் அமுங்குகிறது. ஸ்கீக்கு அடியிலுள்ள கார்பைடு கம்பி பனியைக் கடிப்பது கைப்பிடி வழியாக விரலுக்கு வருகிறது. மீண்டும் கொடுத்தால் வண்டி துள்ளி வெளியே வருகிறது. பட்டை 129 அங்குல நீளம்தான் என்பதால் பின்பகுதியும் சொன்னபடி வருகிறது. இரண்டுக்கும் எடையில் இருபது கிலோவுக்குக் குறையாத வேறுபாடு உண்டு, அதில் பெரும்பங்கு முன்னால் எஞ்சின் இருக்கும் இடத்தில். வளைவில் அந்த இருபது கிலோ இரு மடங்காகத் தெரிகிறது. ஓட்டும் இன்பம் ஒன்றை மட்டும் கேட்டால் 600-தான், தயக்கமே இல்லை.

புகையும் பழைய டூ-ஸ்ட்ரோக் போல் இல்லை. அந்தக் கால எஞ்சின்களில் எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு அப்படியே புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். ஈ-டெக்கில் சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பீச்சுவதால் அந்த விரயம் மிகக் குறைவு. ஆனாலும் எண்ணெய் எரிகிறது, நீண்ட பயணத்துக்கு எண்ணெய்க் குப்பி ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அடுத்த வாரம் 900. இது மூன்று சிலிண்டர் எஞ்சின். கிளப்பினால் கார் நிற்பது போல் ஓர் அடங்கிய முனகல். ஆக்சிலரேட்டர் கம்பியில் இழுபடுவதில்லை, மின்னணு முறையில் போகிறது. சிக்கனம், சாதாரணம், ஸ்போர்ட் என மூன்று நிலைகள். நான் வெகுநேரம் சிக்கன நிலையிலேயே ஓட்டினேன். ஆக்சிலரேட்டர் நெம்புகோலைத் திருப்பிவிட்டால் கட்டைவிரலுக்குப் பதில் மற்ற விரல்களாலும் இழுக்கலாம். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியில் மணிக்கணக்காக ஒரே விரலால் அழுத்திக்கொண்டு ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆக்சிலரேட்டரை விட்டால் 900 தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. டூ-ஸ்ட்ரோக்கில் பழகியவர்கள் பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள், வண்டி பின்னால் பிடித்து இழுக்கிறதாம். எனக்கு அது வரம். எங்கள் தடம் நெடுஞ்சாலையை அடிக்கடி குறுக்கே கடக்கிறது. கடக்கும் இடத்துக்கு முன் பெரும்பாலும் இறக்கம், அதன் முடிவில் நில் என்ற பலகை, மதியத்துக்குப் பின் அங்கே பளிங்கு போல் இறுகிய பனி. பிரேக்கைப் பிடித்தால் பட்டை பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் வழுக்கப் பார்க்கும். 900-இல் விரலை எடுத்ததுமே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

வளைவில் மட்டும் அது 600 இல்லை. கொஞ்சம் வேகமாக நுழைந்தால் முன்பகுதி திரும்ப மறுத்து நேராகத் தள்ளுகிறது. முன்கூட்டியே தணிந்து, பொறுமையாகத் திரும்ப வேண்டும். பதிலுக்கு 137 அங்குலப் பட்டை மேடுபள்ளங்களில் கைகொடுக்கிறது. சனிக்கிழமை மதியம் நூற்றுக்கணக்கான வண்டிகள் போன பிறகு தடத்தில் வரிசையாகக் குழிகள் விழுந்திருக்கும். எட்டு அங்குலம் கூடுதலாக இருக்கும் பட்டை குழிக்குள் இறங்காமல் முகடுக்கு முகடு தாண்டிவிடுகிறது. முதுகு அன்று இரவு நன்றி சொல்லும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது, புதிதாக வாங்குபவர்களுக்குக் கடையில் யாரும் சொல்வதில்லை. எங்கள் பழைய வண்டி காற்றால் குளிரும் எஞ்சின். இவை இரண்டும் திரவத்தால் குளிர்பவை. பட்டை வாரி இறைக்கும் பனி, அடியிலிருக்கும் குளிர்விப்பான் மேல் பட்டால்தான் அந்தத் திரவம் ஆறும். பட்டை உள்பக்கம் உரசி ஓடும் பிளாஸ்டிக் சறுக்குப் பட்டைகளுக்கும் அதே பனிதான் உயவு. ஹாலிபர்ட்டனுக்கு 1878-இல் வந்துசேர்ந்த விக்டோரியா ரயில்வேயின் பழைய பாதை இப்போது தடமாக இருக்கிறது. நேராக, தட்டையாக, மைல் கணக்கில். வெயில் பட்டு இரவில் உறைந்தால் அது பனிக்கட்டிச் சாலை. அங்கே தூள் பனி எழும்பாது, வெப்பமானி ஏறிக்கொண்டே போகும். ஓரத்துப் புதுப்பனியில் இறங்கி ஓட்டினால் அங்கே என்ன புதைந்திருக்கிறது என்று தெரியாது. ஆகவே எந்த வண்டி வாங்கினாலும் ஸ்கிராச்சர் பூட்டுங்கள். தரையைக் கீறிப் பனித்துகளைப் பட்டைக்குள் தூவும் ஒரு சோடி வில்கம்பிகள், விலையும் அதிகமில்லை.

மனைவி தன் சொந்த வண்டியில் எனக்குப் பின்னால் வருகிறவள். அவள் எந்த அட்டவணையையும் பார்க்கவில்லை. "நீங்கள் முன்னால் போகிறீர்கள். வாசனை எனக்கு வருகிறது" என்றாள். பழைய வண்டியின் நீலப்புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவள் சொல்வதற்கு எடை உண்டு.

என்னை 900 பக்கம் முழுதாகத் திருப்பியது சத்தம். நியாயமாகச் சொல்ல வேண்டும்: தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் இரண்டுமே தரத்துக்கு உட்பட்டவை. 50 அடி தொலைவில், முழு ஆக்சிலரேட்டரில், 78 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. தடத்துக்கு உண்மையான எதிரி, புகைபோக்கியைக் கழற்றிவிட்டு ஊரெல்லாம் அதிரும் ஒன்றை மாட்டிக்கொள்பவர்கள். அவர்கள் மேல் எனக்கு உள்ள கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் தடத்தில் மெதுவாகப் போகும்போது இரண்டின் குரலும் ஒன்றல்ல. 600-இன் ஒலி மெல்லியது, கூர்மையானது, குளிர்ந்த காற்றில் ஏரியைத் தாண்டிக் கேட்கும். 900-இன் ஒலி தாழ்ந்தது, மரங்களுக்குள்ளேயே அடங்கிவிடும்.

எங்கள் தடம் ஒரு வீட்டின் சமையலறைச் சன்னலுக்குப் பின்னால் போகிறது. மெதுவாகப் போகச் சொல்லும் பலகையை அங்கே நட்டது சங்கம். விடியற்காலையில், இரவு சமன் செய்த தடம் கலையாமல் இருக்கும்போதே போய்வருவதுதான் எனக்குப் பிடித்த பயணம். அதே நேரத்தில் அந்த வீட்டில் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். அவருடைய நிலத்தில், அவருக்கு ஒரு காசும் கொடுக்காமல், நான் போகிறேன். அவர் அடுத்த ஆண்டும் வழிவிட வேண்டும் என்பதற்காக, வளைவில் கிடைக்கும் துள்ளலை விட்டுக்கொடுக்க நான் தயார்.

900-ஐ வாங்கிவிட்டேன். சறுக்குப் பட்டைகள் தேய்மானக் கோட்டை நெருங்கியிருந்ததைக் காட்டி விலையில் கொஞ்சம் குறைத்தேன். கிளட்ச் பெட்டிக்குள், எஞ்சின் விசையைக் கடத்தும் பெல்ட் தேய்ந்து விழும் தூள் அதிகமில்லை, பட்டையில் கிழிந்த பல் இல்லை. மாற்று பெல்ட் ஒன்று இருக்கைக்குப் பின்னால் ஏறிவிட்டது. அனுமதிச்சீட்டை நவம்பருக்கு முன் வாங்கினால் விலை குறைவு, அதையும் முடித்துவிட்டேன்.

மைத்துனனுக்கு மட்டும் 600-ஐ எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் ஓட்டுவது மாட்டவா பக்கம், மலையும் வளைவுமான வடக்குக் காடு, வீடுகள் அரிது, பெரும்பாலும் தனியாகப் போகிறவன். அங்கே ஏரிகளில் பனியின் பாரம் ஐஸை அழுத்த, விரிசல் வழியே தண்ணீர் மேலேறி, பார்வைக்குத் தெரியாத சேறாகப் பனிக்கடியில் நிற்கும். அதில் வண்டி நின்றுவிட்டால் பின்பகுதியை ஒற்றை ஆளாகத் தூக்கி நகர்த்த வேண்டும். அப்போது இருபது கிலோ குறைவாக இருப்பது பெரிய விஷயம். பட்டை 137 அங்குலத்தில் கிடைத்தால் அதையே எடு, புகைபோக்கியில் கைவைக்காதே என்றேன். "சரி அத்தான், முதலில் உங்களுடையதை ஒரு நாள் கொடுங்கள், ஓட்டிப் பார்க்கிறேன்" என்கிறான். சனவரியில் வரட்டும், கொடுக்கிறேன்.